அச்சிசன் எழுதாத அறிக்கை

2025 பிப்ரவரியில் டிரம்ப் தன் அமைச்சரவைக் கூட்டத்தில் வைத்து, ஐரோப்பிய ஒன்றியம் உருவானதே அமெரிக்காவை ஏய்ப்பதற்குத்தான் என்று சொன்னார். அந்தச் செய்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது என் நண்பர் ஒருவர், தீவிர இடதுசாரி, நேர் எதிராக ஒன்றைச் சொன்னார்: “ஏய்க்கிறதாவது? அதுவே வாஷிங்டன்ல போட்ட ஸ்கெட்ச்தானே. மார்ஷல் திட்டப் பணத்தைக் காட்டி ஐரோப்பாவை ஒண்ணா கட்டி வச்சது அவங்கதான்.” இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. ஆனால் இரண்டையும் மறுக்கப் போனால் கையில் சரியான பதில் இல்லாமல் நின்றேன், அதுதான் உறுத்தியது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் பழைய தந்திகளையும் கடிதங்களையும் கூட்டக் குறிப்புகளையும் ஆண்டுவாரியாகத் தொகுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. 1949, 1950 தொகுதிகளை இரவு நேரங்களில் படிக்கத் தொடங்கி, அப்புறம் விட முடியாமல் 1955 வரை போய்விட்டேன்.

படித்ததிலிருந்து எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா தள்ளியது உண்மை, பணம் கொடுத்ததும் உண்மை. ஆனால் காரியம் நடந்தது, பேனாவை அவர்கள் பிரெஞ்சுக்காரர் கையில் விட்டுவிட்டுச் சும்மா இருந்தபோதுதான். சும்மா இருக்க முடியாமல் மேசையைத் தட்டியபோது காரியம் கெட்டது. இதை அரசதந்திரப் பாடம் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. வலுவான ஒருவர், வலுவில்லாத இன்னொருவருக்கு அவரது மானம் கெடாமல் எப்படி உதவுவது என்ற கேள்வி எனக்கு எப்போதுமே முக்கியம். அந்தக் கேள்வியை இவ்வளவு பெரிய அளவில், இவ்வளவு ஆவணங்களோடு பார்க்கிற வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை.

நிலக்கரி, எஃகு, பயம்

1947 ஜூன் 5 அன்று ஹார்வர்டில், போரில் நொறுங்கிய ஐரோப்பாவுக்குப் பண உதவி செய்வது பற்றி அன்றைய அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் மார்ஷல் பேசியபோதே, முன்முயற்சி ஐரோப்பாவிலிருந்துதான் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். சொன்னது எளிது. அந்தக் கோடையில் 16 நாடுகள் பாரிஸில் கூடி ஒரு கணக்கை நீட்டியபோது அது 28 பில்லியன் டாலரைத் தாண்டியது. ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டியதை எழுத, எல்லாவற்றையும் கீழே கூட்டிப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அமெரிக்க அதிகாரிகள் அதைத் திருப்பி அனுப்பிக் குறைக்க வைத்தார்கள். கடைசியில் மார்ஷல் திட்டமாகப் போனது சுமார் 13 பில்லியன். பணம் போனது, ஆலைகள் ஓடின, ஆனால் ஒன்றுபட்ட ஐரோப்பா என்று வாஷிங்டன் எதிர்பார்த்தது வரவில்லை. 1949 அக்டோபர் கடைசியில், உதவித் திட்டத்தின் தலைவராக இருந்த பால் ஹாஃப்மன் பாரிஸில் ஐரோப்பிய அமைச்சர்கள் முன்னால் நின்று, ஒருங்கிணைப்பு ஒருங்கிணைப்பு என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார். கேட்டவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

உண்மையான முடிச்சு ஜெர்மனியில் இருந்தது. 1949-இல் மேற்கு ஜெர்மனிக்கு ஒரு அரசு வந்துவிட்டது. அதன் எஃகு உற்பத்திக்கு ஆண்டுக்கு 11.1 மில்லியன் டன் என்று உச்சவரம்பு இருந்தது, ஜெர்மானியர்கள் அதை 14 மில்லியனாக உயர்த்தக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கர்களுக்குக் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும் என்ற அவசரம், ஏனென்றால் ஜெர்மனி முடங்கிக் கிடந்தால் ஐரோப்பா எழாது, கிழக்கே ஸ்டாலின் காத்திருக்கிறார். பிரெஞ்சுக்காரர்களுக்கோ ஜெர்மனியின் ரூர் பகுதியின் நிலக்கரி என்றால் பீரங்கி. ஒரே தலைமுறையில் இரண்டு தடவை அடி வாங்கியவர்கள், அவர்கள் பயப்பட்டதில் தப்பு சொல்ல முடியாது. கட்டு ஒவ்வொன்று அவிழும்போதும் பாரிஸ் முனகும், வாஷிங்டன் சமாதானம் சொல்லும், இப்படியே போய்க்கொண்டிருந்தது.

இங்கேதான் டீன் அச்சிசன் ஒரு காரியம் செய்தார். வெளியுறவுச் செயலாளராக வந்து ஓராண்டு கூட ஆகவில்லை. 1949 அக்டோபரில் ஐரோப்பாவிலிருந்த தன் தூதர்களுக்கு அனுப்பிய தந்தியில், ஒருங்கிணைப்பின் சாவி பிரான்ஸ் கையில் இருக்கிறது என்று எழுதினார். பாரிஸில் கூடிய தூதர்களுக்கு இது முழுதாக ஒப்பவில்லை, பிரிட்டன் இல்லாமல் என்ன ஐரோப்பா என்று வாதாடினார்கள். அச்சிசன் அதைக் கேட்டுக்கொண்டார், ஆனாலும் அக்டோபர் 30-ஆம் தேதி பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ரோபேர் ஷூமனுக்குத் தனிப்பட்ட கடிதம் ஒன்று போனது. ஜெர்மனியை மேற்கு ஐரோப்பாவுக்குள் கொண்டுவருவதில் தலைமை ஏற்க வேண்டியது உங்கள் நாடுதான், எங்கள் ஜெர்மன் கொள்கை வெற்றி பெறுவதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். அந்தக் கடிதத்தை நான் திரும்பவும் திரும்பவும் படித்தேன். அதில் திட்டம் எதுவும் இல்லை. மாதிரி ஒப்பந்தம் இல்லை, இன்ன அமைப்பு வேண்டும், இன்ன தேதிக்குள் வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. உலகத்தின் பாதிப் பணத்தைக் கையில் வைத்திருந்த ஒரு நாட்டின் அமைச்சர், தனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு, எப்படி என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

ஷூமனுக்கே எப்படி என்று தெரியவில்லை என்பதுதான் இதில் இன்னொரு விஷயம். அவர் லோரேன் பகுதிக்காரர், பிறந்தது லக்சம்பர்கில், படித்தது ஜெர்மன் பல்கலைக்கழகங்களில். எல்லை இரண்டு பக்கமும் இழுத்த வாழ்க்கை. அவருக்கு மனம் இருந்தது, வழி இல்லை. 1950 மே 11-இல் லண்டனில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றின் வெளியுறவு அமைச்சர்கள் கூட வேண்டியிருந்தது, அங்கே வெறுங்கையோடு போக முடியாது. அந்த வழியை எழுதிக் கொடுத்தவர் ழான் மொனே, பிரான்ஸின் திட்டக்குழுத் தலைவர். பிரான்ஸ், ஜெர்மனி இரண்டின் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது அதிகாரத்தின் கீழ் வைப்பது, விரும்புகிற மற்ற நாடுகளும் சேரலாம். சில பக்கங்கள்தான். ஏப்ரல் கடைசியில் ஷூமன் வார இறுதிக்கு ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் ரயில் நிலையத்தில் அவரது உதவியாளர் பெர்னார் கிளாப்பியே அந்தத் தாள்களைக் கையில் கொடுத்தார். திரும்பி வந்து இறங்கியதும் ஷூமன் சொன்னது, படித்துவிட்டேன், நான் தயார் என்பதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

மே 7, ஞாயிறு. லண்டன் போகிற வழியில் அச்சிசன் பாரிஸில் இறங்கியிருந்தார். அமெரிக்கத் தூதர் டேவிட் புரூஸின் இல்லத்துக்கு ஷூமன் ஒரு மொழிபெயர்ப்பாளரோடு வந்தார். வந்தவர் தன் அமைச்சரவைக்கே இன்னும் தெரியாத ஒன்றைச் சொல்லப் போகிறேன், ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, திட்டத்தைச் சொன்னார்.

இந்த இடத்தில்தான் நான் நிறைய நாள் நின்றுவிட்டேன். கேட்டவுடன் அச்சிசனுக்கு வந்தது மகிழ்ச்சி இல்லை, சந்தேகம். இது ஐரோப்பிய எஃகு முதலாளிகள் தங்களுக்குள் போட்டியைத் தவிர்க்கச் சேர்ந்து போடும் ராட்சதக் கார்டெலுக்கு ஒரு முகமூடியா என்பதுதான் அவர் முதலில் கேட்டவற்றில் ஒன்று, இதை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அந்தச் சந்தேகத்துக்கு அடிப்படை இருந்தது. 1926-இல் இதே நாடுகளின் எஃகு ஆலைக்காரர்கள் சேர்ந்து உற்பத்தியைப் பங்கு போட்டுக்கொண்ட சர்வதேச எஃகு கார்டெலை அவர் தலைமுறை மறந்திருக்கவில்லை. அமெரிக்காவிலோ கார்டெல் என்றாலே கெட்ட வார்த்தை. வாஷிங்டனில் வழக்கறிஞர்களிடம் காட்ட வேண்டும், சில வாசகங்களை மாற்ற வேண்டும், எங்கள் ஆள் ஒருவர் பேச்சுவார்த்தையில் இருக்க வேண்டும், இப்படி எதைக் கேட்டிருந்தாலும் அன்றைய நிலையில் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். கேட்கவில்லை. கேள்விகளைக் கேட்டார், விளக்கத்தைக் கேட்டுக்கொண்டார், ட்ரூமனுக்கு மட்டும் ரகசியமாகத் தெரிவித்தார், வாயை மூடிக்கொண்டு லண்டன் போனார்.

வாயை மூடியதற்கு விலையும் கொடுத்தார். லண்டனில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவினோடு உட்கார்ந்து பேசுகிறார், நெருங்கிய கூட்டாளி, அவரிடமும் சொல்ல முடியவில்லை. மே 9 அன்று செய்தி வந்ததும் பெவின் கொதித்துப்போனார். அச்சிசன் பாரிஸில் இறங்கியதே இதற்காகத்தான், இரண்டு பேரும் சேர்ந்து முதுகுக்குப் பின்னால் சதி செய்திருக்கிறீர்கள் என்றார். உடம்பு சரியில்லாத மனிதர் வேறு, அடுத்த வருடமே இறந்துவிட்டார். பெவினின் கோபம் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அச்சிசன் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லண்டன் ஒரு குழு அமைக்கச் சொல்லியிருக்கும், குழு ஒரு அறிக்கை கேட்டிருக்கும், பிரெஞ்சு அமைச்சரவையில் எதிர்ப்பாளர்களுக்கு ஒரு வாரம் அவகாசம் கிடைத்திருக்கும். அதோடு முடிந்திருக்கும்.

மே 9 காலையில் மேற்கு ஜெர்மனியின் தலைநகர் பானில் இருந்த அதன் பிரதமர் அடினாவருக்கு ஷூமனின் கடிதம் போய்ச் சேர்ந்தது, அவர் உடனே ஒப்புக்கொண்டார், அந்தச் செய்தி வந்த பிறகுதான் ஷூமன் அமைச்சரவையில் வாயைத் திறந்தார். மாலை ஆறு மணிக்குப் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகத்தின் கடிகார மண்டபத்தில் அறிவிப்பு. இது சர்வதேச கார்டெல் போன்றது அல்ல என்று அறிவிப்பிலேயே ஒரு வாக்கியம் இருக்கிறது. அது யாருடைய காதுக்கு எழுதப்பட்டது என்று ஊகிக்க அதிகம் சிரமப்பட வேண்டாம்.

கல்யாணச் செலவை முழுக்க ஏற்றுக்கொண்ட மாமா பந்தியில் எங்கே உட்காருவது என்பது நம் வீடுகளில் பெரிய பிரச்சினை. ஜூன் 20-இல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் என்று ஆறு நாடுகள் பேச்சுவார்த்தை தொடங்கியபோது அமெரிக்கா அந்த மேசையில் உட்காரவே இல்லை. வேண்டாம் என்று மொனேயே கவனமாகப் பார்த்துக்கொண்டார். அவர் போர்க்காலத்தில் வாஷிங்டனில் வேலை செய்தவர், மெக்ளாய், புரூஸ், ஜார்ஜ் பால் என்று அமெரிக்கப் பிரமுகர்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். அமெரிக்கர்கள் தூதரகத்தில் ஒரு சின்னக் குழுவாக இருந்துகொண்டு, கேட்டால் உதவினார்கள். அதில் வில்லியம் டாம்லின்சன் என்ற அமெரிக்க நிதித்துறை அதிகாரி, முப்பதுகளில் இருந்த இளைஞர், மொனேயின் ஆட்களோடு ஒட்டி உறவாடி உழைத்தவர். இதய நோயோடு அப்படி உழைத்து 1955-இல் இறந்தும் போனார். இவரைப் பற்றி இன்னும் நிறையப் பேர் எழுத வேண்டும்.

முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்களா? இல்லை. இதை மறைத்தால் நான் என் வாதத்துக்காக வரலாற்றை வளைக்கிறவன் ஆவேன். ரூரின் பெரிய நிறுவனங்களை உடைப்பது, அவற்றின் பொது நிலக்கரி விற்பனை அமைப்பைக் கலைப்பது என்ற விஷயத்தில் ஜெர்மானியர்கள் இழுத்தடித்தபோது, அமெரிக்க உயர் ஆணையர் ஜான் மெக்ளாய் அடினாவரை அழுத்தமாகவே நெருக்கினார். 1951 மார்ச்சில் ஜெர்மனி இறங்கி வந்தது, ஏப்ரல் 18-இல், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் விதையான நிலக்கரி எஃகு சமூகத்தை அமைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. கார்டெல்களைத் தடுக்கும் 65-ஆம் பிரிவும், நிறுவன இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் 66-ஆம் பிரிவும் மெக்ளாயின் சட்ட ஆலோசகர் ராபர்ட் போவி எழுதிக் கொடுத்தவை. ஆனால் அதிலும் பாருங்கள், போவியின் வரைவை அப்படியே போடவில்லை. மொரிஸ் லாகிராஞ் என்ற பிரெஞ்சுச் சட்ட அறிஞர் அதை உட்கார்ந்து ஐரோப்பியச் சட்ட நடையில் திருப்பி எழுதினார். மெக்ளாய் நெருக்கியதற்கு, ஜெர்மனியை வென்ற நாடுகள் அங்கே வைத்திருந்த ஆக்கிரமிப்புச் சட்டம் தந்த அதிகாரம் இருந்தது, அது அவர் பொறுப்பில் இருந்த காரியம். இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டதாக இதை நான் பார்க்கவில்லை. ஐரோப்பாவின் இன்றைய போட்டிச் சட்டத்துக்கு வேர்கள் பல, அதில் போவியின் வேர் ஒன்று. 2018-இல் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 4.34 பில்லியன் யூரோ அபராதம் போட்டது அந்தப் பரம்பரையில் வந்த சட்டம்தான்.

அதே மனிதர், நான்கு மாதம் கழித்து

1950 ஜூன் 25-இல் கொரியாவில் போர் வெடித்தது. எல்லாப் பொறுமையும் அதோடு போயிற்று. செப்டம்பரில் நியூயார்க்கில் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் அதே அச்சிசன், அதே ஷூமன், அதே பெவின். ஜெர்மானியர்கள் கையில் மறுபடி துப்பாக்கி கொடுக்க வேண்டும், அதற்கு ஒப்புக்கொண்டால்தான் கூடுதல் அமெரிக்கப் படை ஐரோப்பாவுக்கு வரும் என்றார் அச்சிசன். உலகப் போர் முடிந்து ஐந்து வருடம்தான் ஆகிறது. ஷூமன் தன் நாட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வார்? தப்பிக்க வழி தேடி மொனே மறுபடியும் ஒரு தாளை எழுதினார், அக்டோபரில் பிரதமர் ப்ளெவன் அதை அறிவித்தார்: ஜெர்மன் படை என்று தனியாக வேண்டாம், ஐரோப்பியப் படை என்று ஒன்று, அதற்குள் ஜெர்மன் வீரர்கள். ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகம் பிறந்தது இப்படி.

எழுதியவர் அதே மொனே. அறிவித்தது அதே பிரான்ஸ். அப்புறம் ஏன் ஒன்று நின்றது, இன்னொன்று விழுந்தது? கொரியா, இந்தோசீனா, மாறிய பிரெஞ்சு நாடாளுமன்றம், ஷூமன் பதவியிழந்தது என்று காரணங்கள் பல சொல்கிறார்கள், எல்லாமே உண்மை. என் கணிப்பில் அடியிலிருக்கும் காரணம் வேறு. முதல் தாள், பிரான்ஸ் தன் பயத்துக்குத் தானே கண்டுபிடித்த மருந்து. இரண்டாவது தாள், அமெரிக்கா கொடுத்த நெருக்கடியிலிருந்து தப்பிக்க எழுதிய சாக்கு. சாக்கை ஒப்பந்தமாக மாற்றி 1952 மே 27-இல் கையெழுத்தும் போட்டார்கள், ஆனால் அதை நாடாளுமன்ற வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக, அடுத்த இரண்டு வருடம் எந்தப் பிரெஞ்சுப் பிரதமருக்கும் துணிச்சல் வரவில்லை.

வாஷிங்டன் அழுத்தத்தைக் கூட்டியது. 1953-இல் அமெரிக்க நாடாளுமன்றம், இந்தச் சமூகம் அமையாவிட்டால் ராணுவ உதவியில் பாதியை நிறுத்தி வைக்க வழி செய்தது. டிசம்பர் 14-இல், அச்சிசனுக்கு அடுத்து வெளியுறவுச் செயலாளராக வந்த டல்லஸ் பாரிஸுக்கே வந்து, ஐரோப்பா ஒன்றுபடாவிட்டால் அமெரிக்கா தன் அடிப்படைக் கொள்கையை வேதனையோடு மறுபரிசீலனை செய்ய வேண்டி வரும் என்றார். அவர் மொனேயின் பழைய நண்பர், ஐரோப்பிய ஒற்றுமையில் அச்சிசனைவிட ஆழமான நம்பிக்கை உள்ளவர் என்றுகூடச் சொல்வேன். நம்பிக்கை இருந்ததால்தான் பொறுக்க முடியவில்லை. பிரான்ஸில் அது மிரட்டலாக விழுந்தது. ஒப்பந்தத்தை ஆதரித்த பிரெஞ்சுக்காரர்கள்கூட, அமெரிக்கா சொல்வதால் ஆதரிக்கிறோம் என்ற பழியைச் சுமக்க வேண்டியதாயிற்று.

1954 ஆகஸ்ட் 30. பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் விவாதத்தின் முடிவில் 82 வயது முன்னாள் பிரதமர் எதுவார் ஹெரியோ, மேடைக்குப் போக முடியாமல் தன் இருக்கையிலிருந்தே எதிர்த்துப் பேசினார். ஒப்பந்தத்தின் மேல் நேரடி வாக்கெடுப்பு கூட இல்லை, விவாதத்தையே கைவிடும் நடைமுறைத் தீர்மானம் ஒன்றுதான். 319-க்கு 264. ஜெயித்தவர்கள் எழுந்து தேசிய கீதத்தைப் பாடினார்கள். நான்கு வருட அமெரிக்க உழைப்பு, ஒரு பிற்பகலில்.

அன்று பிரதமராக இருந்தவர் பியேர் மெந்தேஸ் ஃபிரான்ஸ், ஒப்பந்தத்துக்கு ஆதரவாக ஒரு விரலையும் அசைக்காதவர். நமக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும். கீழூர் வாக்கெடுப்புக்குப் பிறகு 1954 அக்டோபர் 21-இல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்டது அவருடைய அரசுதான். இரண்டே நாள் கழித்து, அக்டோபர் 23-இல் பாரிஸில், மேற்கு ஜெர்மனியை நேட்டோவில் சேர்க்கும் ஒப்பந்தங்களிலும் அதே அரசு கையெழுத்திட்டது. அந்த மாற்றுவழியைக் கண்டுபிடித்தவர் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஈடன், டல்லஸ் இல்லை. ஐரோப்பியப் படை வேண்டாம் என்று பாடியவர்கள், சில மாதங்களில் தனி ஜெர்மன் படையையே ஏற்றுக்கொண்டார்கள்.

டல்லஸ் கற்றுக்கொண்டது

1955 ஜூனில் மெசினாவில் ஆறு நாடுகளும் மறுபடி கூடி, பொதுச் சந்தை பற்றிப் பேசத் தொடங்கியபோது டல்லஸின் நடையே மாறியிருந்தது. வெளியே சத்தமில்லை. அந்த நவம்பரில் பிரிட்டன் பேச்சுவார்த்தையிலிருந்து விலகிக்கொண்டது. வெளியுறவு அமைச்சர் மாக்மில்லன் இந்த ஆறு நாட்டு முயற்சிக்கு எதிராக அமெரிக்காவைத் திருப்பப் பார்த்தார். டிசம்பரில் டல்லஸ் அவருக்கு எழுதிய பதில், ஆறு நாடுகளின் வழியில்தான் எங்களுக்கு நம்பிக்கை, அது காப்பு வரிச் சுவராக மாறும் ஆபத்து தெரிந்தும் சொல்கிறோம் என்ற பொருளில் இருந்தது. நட்பான கடிதம், ஆனால் கதவு சாத்தப்பட்டது.

அந்த ஆபத்து அவர்களுக்குத் தெரியும் என்பதுதான் டிரம்புக்கான பதில். 1950-இல் ஐரோப்பியக் கொடுப்பனவு ஒன்றியம் என்ற ஏற்பாட்டுக்கு 350 மில்லியன் டாலரை அமெரிக்காவே முதலாகப் போட்டது, அந்த ஏற்பாட்டின்படி ஐரோப்பியர்கள் தங்களுக்குள் வாங்கி விற்றுக்கொண்டு டாலர் சரக்கைத் தள்ளி வைக்கலாம். 1952-இல் நிலக்கரி எஃகு சமூகம் வெளியாருக்கு இல்லாத சலுகையைத் தன் உறுப்பினர்களுக்கு மட்டும் தர காட் (GATT) என்ற சர்வதேச வர்த்தக உடன்பாட்டு அமைப்பில் விலக்குக் கேட்டபோது அமெரிக்கா ஆதரித்தது. 1954 ஏப்ரலில் அதே சமூகத்துக்கு 100 மில்லியன் டாலர் கடனும் கொடுத்தது. ஏமாறுகிறோம் என்று தெரியாமல் செய்ததில்லை. மூன்றாவது முறை ஐரோப்பாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிச் சாகக் கொடுப்பதைவிட, கொஞ்சம் ஏற்றுமதியை இழப்பது மேல் என்று கணக்குப் போட்டுச் செய்தது. அந்தக் கணக்கு சரி என்றே நான் நினைக்கிறேன். என் நண்பருக்கும் இதையே சொன்னேன், ஸ்கெட்ச் போட்டவன் தன் நஷ்டத்துக்கு இப்படிக் கையெழுத்துப் போட மாட்டான் என்று. அவர் ஒப்புக்கொள்ளவில்லை, பனிப்போர் லாபத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சொல்கிறார். அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

நஷ்டம் வந்தபோது அது கற்பனையாக இல்லை. 1962-இல் பொது வேளாண் கொள்கையின் கீழ், மெசினாவில் தொடங்கிய பேச்சிலிருந்து பிறந்த ஐரோப்பியப் பொதுச் சந்தை கோழி இறக்குமதி மேல் வரியைத் தூக்கியது, மேற்கு ஜெர்மனியில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த அமெரிக்கக் கோழிப் பண்ணைக்காரர்கள் அடிபட்டார்கள். 1963 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஜான்சன் பதிலடியாக பிராந்தி, உருளைக்கிழங்கு மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின், சிறு லாரிகள் ஆகியவற்றின் மேல் வரி போட்டார். மற்றவை பிறகு நீங்கின. இறக்குமதியாகும் சிறு லாரிகள் மேலான 25 சதவீதத்தை மட்டும் அமெரிக்கா இன்றுவரை விடவில்லை.